கிடைக்கச் செய்வதே காப்பது: ஆர்ஹூலி இசைத்தட்டு நிறுவனத்தின் 56 ஆண்டுகள்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிப்பதிவுப் பாதுகாப்பு வாரியத்துக்காக டிம் புரூக்ஸ் செய்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. 1890 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான, வரலாற்று மதிப்புள்ள இசைத்தட்டுகளில் எத்தனை இன்னும் வாங்கக் கிடைக்கின்றன என்று அவர் கணக்கெடுத்தார். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் மறுபடி வெளியிட்டிருந்தவை சராசரியாக நூற்றுக்கு 14. அந்த உரிமை இல்லாத வெளியீட்டாளர்கள் கொண்டுவந்திருந்தவை நூற்றுக்கு 22. மீதி எதுவும் சந்தையில் இல்லை. அவை பழைய தட்டு சேகரிப்பவர்களின் அலமாரியிலும் சில நூலகங்களின் நிலவறையிலும் கிடந்தன.

உலகத்துக்கே இசை விற்கும் ஒரு நாட்டில், சொந்த இசையின் பெரும்பகுதி சொந்த மக்களின் காதுக்கு எட்டாமல் போயிருக்கிறது. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. விற்பனைக் கணக்கும் சட்டமும் அதனதன் வழியில் போக, இடையில் இந்த இசை கைவிடப்பட்டது. அப்படி விடப்பட்டதைப் பொறுக்கி எடுத்துப் பிழைக்க வைத்த சிறு நிறுவனங்கள் சில உண்டு. அவற்றுள் கலிஃபோர்னியாவில் 1960-ல் ஒரு தனிமனிதர் தொடங்கிய ஆர்ஹூலி ரெக்கார்ட்ஸை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இசையைப் பாதுகாப்பது என்பதற்கு நாம் பொதுவாக நினைப்பதைவிடக் கடினமான ஒரு பொருள் உண்டு என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

பதிவு செய்தவர்களே கைவிட்டார்கள்

வட்டார இசையை முதலில் பதிவு செய்தவர்கள் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். லாபம் தேடிய பெரிய நிறுவனங்களும் அதைச் செய்தன. 1920-ல் ஓகே நிறுவனம் மாமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் ப்ளூஸ் தட்டை வெளியிட்டது. அது எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பின மக்களும் தட்டு வாங்குவார்கள் என்று தெரிந்ததும் மற்ற நிறுவனங்களும் களத்தில் இறங்கின. போலிஷ், உக்ரேனியன், யிட்டிஷ், ஸ்பானிஷ் என்று குடியேறியவர்களின் மொழிகளிலும் தட்டுகள் குவிந்தன. கொலம்பியா நிறுவனம் 1928-ல் நியூ ஆர்லியன்ஸில் ஜோ ஃபால்கனைப் பதிவு செய்தது. லூசியானாவின் பிரெஞ்சு மொழிக் கேஜுன் இசை தட்டில் ஏறியது அதுவே முதல் முறை. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் 1934-ல் லிடியா மென்டோசா என்ற இளம்பெண் பன்னிரண்டு தந்தி கிட்டாரைத் தானே வாசித்துக்கொண்டு பாடிய தட்டு, எல்லையின் இரு பக்கத்திலும் அவரை வீட்டுக்கு வீடு தெரிந்தவராக்கியது. அந்தப் பாட்டின் வரிகளைச் சிறுமியாக இருந்தபோது சூயிங்கம் சுற்றிவந்த காகிதத்தில் அவர் படித்திருந்தார்.

1930-களின் பொருளாதாரச் சரிவில் தட்டு விற்பனை விழுந்தது. 1942-ல் போர்க்காலத் தட்டுப்பாட்டால் தட்டு செய்யும் அரக்குக்குக் கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு இசைக்கலைஞர் சங்கம் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது. போர் முடிந்தபோது பெரிய நிறுவனங்கள் நாடு முழுவதும் விற்கும் பாட்டுகளையே விரும்பின. ஒரு மாவட்டத்தில் சில ஆயிரம் தட்டு விற்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அச்சுகள் கிடப்பில் போடப்பட்டன.

கேட்கும் மக்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள். தெற்கு டெக்சாஸின் ஆலிஸ் என்ற ஊரில் அர்மாண்டோ மரோகின், காசு போட்டால் தட்டு பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை வாடகைக்கு வைத்துத் தொழில் நடத்தினார். அவற்றில் போடப் புதிய ஸ்பானிஷ் தட்டு வரவில்லை. ஆகவே தன் மனைவி கார்மெனையும் அவருடைய தங்கை லாராவையும் பாடவைத்து வீட்டிலேயே பதிவு செய்தார். பிறகு பாகோ பெத்தான்கூர்த்துடன் சேர்ந்து ஐடியல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1940-களின் பிற்பகுதியில் இப்படி ஊருக்கு ஊர் சிறு நிறுவனங்கள் முளைத்தன. ஒலிநாடா இயந்திரம் கைக்கெட்டும் விலைக்கு வந்ததும், 1948-ல் கொலம்பியா அறிமுகப்படுத்திய நீண்டநேர எல்.பி. தட்டும் அவர்களுக்குத் துணைநின்றன. பழைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் கிடைத்தது. ஒரு கலைஞரின் முழு உருவத்தையும் ஒரே உறைக்குள் தர அப்போதுதான் வழி பிறந்தது.

நவசோட்டாவில் ஒரு மாலை

கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் 1931-ல் ஜெர்மானியப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அவர்களது நிலம் அன்றைய கீழ் சைலீசியாவில் இருந்தது, இன்று அது போலந்து. 1945-ல் சோவியத் படை நெருங்கியபோது குடும்பம் எல்லாவற்றையும் விட்டு ஓடியது. 1947-ல் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். மொழி சரியாகப் பிடிபடாத பதினாறு வயதுப் பையனுக்கு வானொலி ஆசிரியரானது. மலையக மக்களின் பாட்டு, மெக்சிகன் பாட்டு, கறுப்பின மக்களின் ப்ளூஸ் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வந்தன. இவற்றில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அந்த நாட்டுக்காரர்கள் வைத்திருந்த அடுக்கு அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமை நன்மையாக முடிந்தது என்றே நினைக்கிறேன்.

பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே, பழைய தட்டுகளை வாங்கி விற்றுப் பணம் சேர்த்தார். 1959-ல் தான் நெடுநாளாக வியந்து கேட்ட ப்ளூஸ் கலைஞர் லைட்னின் ஹாப்கின்ஸைத் தேடி டெக்சாஸின் ஹூஸ்டனுக்குப் போனார். ஒரு சிறிய மதுக்கடையில் ஹாப்கின்ஸ் மின்கிட்டாரோடு உட்கார்ந்து, தன் தோள்வலியையும் மழைநீர் தேங்கிய ரோட்டையும் எதிரே நின்ற ஆட்களையும் அப்போதைக்கப்போது பாட்டாகக் கட்டிப் பாடிக்கொண்டிருந்தார். கலிஃபோர்னியாவிலிருந்து தன்னைப் பார்க்க வந்த மனிதரையும் பாட்டுக்குள் இழுத்துவிட்டார். பதிவுக்கூடத்தில் எடுத்த எந்தத் தட்டிலும் ஸ்ட்ராக்விட்ஸ் இதைக் கேட்டதில்லை. பாடுபவர் வாழும் இடத்தில், அவருடைய ஆட்கள் நடுவில் வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அங்கே உறுதியானது.

1960 கோடையில் ஒலிநாடா இயந்திரத்தோடு மறுபடி ஹூஸ்டன் போனபோது ஹாப்கின்ஸ் ஊரில் இல்லை. வழக்காற்று ஆய்வாளர் மாக் மெக்கார்மிக்கோடு காரில் கிளம்பி, நல்லா கிட்டார் வாசிக்கிற ஆள் யாராவது இருக்கிறாரா என்று வழியில் விசாரித்துக்கொண்டே நவசோட்டா என்ற சிற்றூரை அடைந்தார். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: மான்ஸ் லிப்ஸ்கம். வயது 65. ஆயுள் முழுக்கப் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். அன்று நெடுஞ்சாலை ஓரத்தில் புல் வெட்டும் வேலைக்குப் போயிருந்தார். மாலை வீடு திரும்பியவரின் முன் ஒரே ஒரு மைக்கை வைத்து, அவர் வீட்டிலேயே பதிவைத் தொடங்கினார்கள்.

அதுவரை ஒரு தட்டிலும் பாடாத லிப்ஸ்கமிடம் நூற்றுக்கணக்கான பாட்டுகள் இருந்தன. ப்ளூஸ் அவற்றில் ஒரு பங்குதான். சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்கான துள்ளல் பாட்டு, கதைப்பாட்டு, கோவில் பாட்டு, ப்ளூஸ் பிறப்பதற்கு முந்தைய பழம்பாட்டு எல்லாம் அவர் விரல்களில் இருந்தன. கட்டைவிரல் கீழ்த்தந்தியில் தாளத்தைத் தளராமல் அடித்துக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் மெட்டைப் பேசும். விடிய விடிய ஒற்றை ஆளாக ஓர் ஊரையே ஆட வைக்க வேண்டியவருக்கு அந்தக் கட்டைவிரல்தான் மேளம். அந்தப் பதிவு ஆர்ஹூலியின் முதல் எல்.பி.யாக, 1001 என்ற எண்ணோடு 1960 இறுதியில் வந்தது. அச்சடித்தது 250 பிரதி. உறைகளை நண்பர்களோடு உட்கார்ந்து கையால் ஒட்டினார் ஸ்ட்ராக்விட்ஸ். அடுத்த ஆண்டு லிப்ஸ்கம் பெர்க்லி நாட்டுப்புற இசை விழா மேடையில் இருந்தார்.

250 பிரதி என்பதைப் பலர் வறுமையின் அடையாளமாகப் பார்ப்பார்கள். இந்தத் தொழிலுக்கு அதுவே சரியான அளவு. பெரிய நிறுவனத்துக்கு ஒரு தட்டு சில மாதங்களில் லாபம் தர வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஆர்ஹூலி ஒரு தட்டை ஆண்டுக்கு நூறு, இருநூறாகப் பல பத்தாண்டுகள் விற்றுக்கொண்டிருக்க முடிந்தது. செலவு குறைவு, காத்திருக்கும் பொறுமை அதிகம்.

எல்லைக்கோட்டின் இசை

ஆர்ஹூலியை ப்ளூஸ் நிறுவனம் என்று மட்டும் சொல்வது பெரிய குறை. லூசியானாவின் கறுப்பின க்ரியோல் மக்களிடம், பிரெஞ்சுப் பாட்டும் ப்ளூஸும் கலந்து பிறந்த ஸைடெகோவை உலகறியச் செய்தது க்ளிஃப்டன் ஷெனியரின் அக்கார்டியன். அதைத் தொடர்ந்து பதிவு செய்தது ஆர்ஹூலி. அவருடைய ‘போகலூசா பூகி’ தொகுப்பு இன்று காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசை மறுமலர்ச்சி பெற்றபோது, பெர்க்லியைச் சேர்ந்த கிளெஸ்மரிம் குழுவின் தட்டை 1977-ல் வெளியிட்டது. நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ஊதிய இளைஞர்களான ரீபர்த் குழுவின் முதல் தட்டும் இங்கிருந்தே வந்தது. ஃப்ளோரிடாவின் கறுப்பினத் தேவாலயங்களில், ஆர்கன் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டீல் கிட்டார் முழங்குவதை வெளியுலகம் அறிந்ததில் ராபர்ட் ஸ்டோன் தொகுத்து 1997-ல் வந்த தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1930-கள் தொட்டு அந்தத் தேவாலயங்களில் இருந்துவரும் மரபு அது.

எனினும் ஸ்ட்ராக்விட்ஸின் ஆழமான உழைப்பு டெக்சாஸ்–மெக்சிகோ எல்லையில்தான். அங்கே ஜெர்மானிய, செக் குடியேறிகளிடமிருந்து வந்த பொத்தான் அக்கார்டியனையும் போல்கா தாளத்தையும் மெக்சிகன் பண்ணைத் தொழிலாளர்கள் எடுத்துக்கொண்டு கொன்ஹுன்டோ என்ற இசையை ஆக்கினார்கள். அதன் தந்தை என்று போற்றப்படும் நர்சிஸோ மார்ட்டினெஸ் 1936-ல் முதல் தட்டுகளைப் பதிவு செய்தார். அவர் செய்த மாற்றம் சிறியதாகத் தோன்றும். அக்கார்டியனின் இடக்கைப் பொத்தான்களை ஏறக்குறையத் தொடாமல் விட்டு, வலக்கை மெட்டை மட்டும் விரைந்து, தெளிவாக வாசித்தார். அடித்தாளத்தைப் பன்னிரண்டு தந்தி பாஹோ செக்ஸ்டோவில் சான்டியாகோ அல்மெய்டா தாங்கினார். இரு கருவிகளும் வேலையை இப்படிப் பங்கிட்டுக்கொண்டதில் ஒரு புது ஒலி பிறந்தது. இத்தனை புகழ் இருந்தும் மார்ட்டினெஸ் கூலி வேலை செய்தே பிழைக்க வேண்டியிருந்தது.

இந்த மக்களின் செய்தித்தாளாகவும் இசைத்தட்டு இருந்தது. கொர்ரிடோ என்னும் கதைப்பாட்டில் புரட்சி, கொலை, கைது, அநீதி எல்லாம் ஊர், தேதியோடு பதிவாகும். ஒரு ஷெரீஃபைச் சுட்டுவிட்டு 1901-ல் காவல்படைகளிடம் பிடிபடாமல் பல நாள் ஓடிய கிரிகோரியோ கோர்டெஸின் கதையை, ரோச்சா–மார்ட்டினெஸ் என்ற பாடகர் இணை (இவர் நர்சிஸோ அல்லர்) 1929-ல் தட்டின் இரண்டு பக்கங்களிலும் பாடியது. ஆங்கிலப் பத்திரிகைகள் அவனைக் கொடியவனாக எழுதிய காலத்தில், பாட்டு அவன் பக்க நியாயத்தைச் சொன்னது. இப்படிப்பட்ட தட்டு உடைந்தால் ஒரு சமூகத்தின் சாட்சியமும் உடைகிறது. மெக்சிகன் புரட்சிக் கொர்ரிடோக்களை நான்கு குறுந்தகடுகளாக ஆர்ஹூலி தொகுத்தபோது, ஸ்பானிஷ் வரிகளையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வரலாற்றுக் குறிப்பையும் சேர்த்தே தந்தது.

இயக்குநர் லெஸ் பிளாங்க்குடன் சேர்ந்து ஸ்ட்ராக்விட்ஸ் 1976-ல் உருவாக்கிய ‘சூலாஸ் ஃப்ரொன்டெராஸ்’ ஆவணப்படம் இந்த இசையை வயல், சமையலறை, குடும்ப விழா ஆகியவற்றோடு காட்டியது. 1993-ல் அது தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. அக்கார்டியன் கலைஞர் ஃப்ளாகோ ஹிமெனெஸின் ஆர்ஹூலி தொகுப்பு கிராமி விருது பெற்றது. ஐடியல் நிறுவனத்தின் மூலநாடாக்களையும் ஆர்ஹூலி பின்னாளில் வாங்கிக் காத்தது. ஜூக்பாக்ஸுக்காக வீட்டில் பதிவான அந்த இரு பெண்களின் குரல் இன்றும் கேட்கக் கிடைப்பது அதனால்தான்.

ராயல்டி என்னும் பாதுகாப்பு

ஆர்ஹூலி எப்படிப் பிழைத்தது என்ற கேள்வி முக்கியமானது. தட்டு விற்பனையில் அது பெரும்பணம் ஈட்டவில்லை. 1965-ல் வியட்நாம் போரை எதிர்த்துப் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் கட்டிய பாட்டை பெர்க்லியில் தன் வீட்டுக் கூடத்தில் பதிவு செய்துகொடுத்தார் ஸ்ட்ராக்விட்ஸ். கூலிக்குப் பதிலாகப் பாட்டின் வெளியீட்டு உரிமையில் பங்கு பெற்றார். 1969-ல் உட்ஸ்டாக் விழாவில் அந்தப் பாட்டு ஒலித்து, படத்திலும் தட்டிலும் இடம்பெற்றபோது வந்த ராயல்டி, எல் செரிட்டோ நகரில் ஒரு கட்டடம் வாங்க உதவியது. நிறுவனமும் கிடங்கும் 1976-ல் தொடங்கிய டவுன் ஹோம் மியூசிக் கடையும் அங்கே அமைந்தன.

இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது ப்ளூஸ் கலைஞர் ஃபிரெட் மெக்டவலின் விவகாரம். மிசிசிப்பியின் கோமோ ஊரில் நிலத்தில் உழைத்த அவரை 1959-ல் வழக்காற்று ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். 1964 முதல் ஸ்ட்ராக்விட்ஸ் பதிவு செய்தார். மெக்டவல் பாடிய ஒரு பழைய ஆன்மிகப் பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1971-ல் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. அந்தத் தொகுப்பு உலகமெங்கும் விற்றது. மெக்டவலுக்குச் சேர வேண்டிய பணத்துக்காக ஸ்ட்ராக்விட்ஸ் வழக்கறிஞரோடு போராடி, அதைப் பெற்றுவிட்டார். மெக்டவல் 1972-ல் புற்றுநோயால் இறப்பதற்கு முன் காசோலை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்க இசை வரலாற்றில் இதற்கு எதிரான கதைகள்தான் ஏராளம். பாட்டுக்குச் சில டாலர், ஒரு கையெழுத்து, அதோடு முடிந்தது உறவு. அந்த வழக்கம் கலைஞரை மட்டும் கெடுக்கவில்லை, மரபையும் கெடுத்தது. பாட்டால் சோறு கிடைக்காது என்று பார்த்து வளர்ந்த பிள்ளை ஏன் அதைக் கற்கும்? நாடாவில் இருக்கும் குரலைக் காப்பவர், அந்தக் குரலுக்கு உரியவரின் பங்கையும் காக்கக் கடமைப்பட்டவர். மெக்டவல் விஷயத்தில் அந்தக் கடமை நிறைவேறியது.

தேர்ந்தவையும் விடுபட்டவையும்

பாராட்டோடு நிறுத்திக்கொள்வது ஆய்வுக்கு நியாயமாகாது. ஆர்ஹூலி காத்த இசை ஒரு மனிதரின் விருப்பத்தால் சலிக்கப்பட்ட இசை. மெருகேற்றிய, உயிரில்லாத பாட்டு என்று தான் கருதியதை ஸ்ட்ராக்விட்ஸ் ‘எலி இசை’ என்று ஒதுக்குவார். 2013-ல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்தின் தலைப்பே அந்தச் சொல்லிலிருந்து எழுந்தது. அவர் ஒதுக்கியதைக் கலைஞர்களும் ஊர் மக்களும் விரும்பிய சமயங்கள் உண்டு.

க்ளிஃப்டன் ஷெனியர் நல்ல எடுத்துக்காட்டு. அன்றைய வானொலியில் வென்ற ரிதம் அண்ட் ப்ளூஸ் பாணியில் பாடவே அவர் ஆசைப்பட்டார். ஸ்ட்ராக்விட்ஸோ பழைய பிரெஞ்சுப் பாட்டைக் கேட்டார். 1965-ல் வந்த முதல் எல்.பி.யில் பாதி அது, பாதி இது என்று உடன்பாட்டுக்கு வந்தார்கள். பிரெஞ்சுப் பாட்டுகளே பின்னர் ஷெனியருக்கு உலகப்புகழ் தந்தன என்பது உண்மை. ஆனால் கலைஞர் தன் காலத்தோடு நடக்க விரும்பும்போது, சேகரிப்பவர் அவரைப் பின்னோக்கி இழுக்கும் அபாயமும் அதில் தெரிகிறது. அந்தத் தட்டு நேர்மையாக நிற்பதற்குக் காரணம், இருவர் விருப்பமும் அதில் பதிவாகியிருப்பது.

ஒரு காது தேர்வதில் குறை இருக்கும். அதற்கு மருந்து காதுகள் பல இருப்பது. 1948-ல் மோசஸ் ஆஷ் நியூயார்க்கில் தொடங்கிய ஃபோக்வேஸ், பேச்சு, பறவையொலி வரை எதையும் ஒதுக்காமல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளை வெளியிட்டது. வேறு பலர் வேறு பாதைகளில் போனார்கள். பலரின் சாய்வுகளும் ஒன்றுசேரும்போதுதான் ஒரு நாட்டின் இசை ஓரளவு முழுமையாகத் தெரிகிறது.

இனி யார் பொறுப்பு

ஆஷ் 1986-ல் இறந்தபின் ஃபோக்வேஸை அரசு சார்ந்த ஸ்மித்சோனியன் நிறுவனம் ஏற்றது. ஒரு தட்டுகூட விற்பனைப் பட்டியலிலிருந்து நீங்கக் கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனை. 2016-ல் ஆர்ஹூலியின் 350-க்கும் மேற்பட்ட தொகுப்புகளும் அங்கேயே போய்ச் சேர்ந்தன. ஸ்ட்ராக்விட்ஸ் 2023 மே மாதம் 91-ம் வயதில் காலமானார்.

அவர் ஆயுள் முழுக்கத் திரட்டிய மெக்சிகன், மெக்சிகன்–அமெரிக்கத் தட்டுகள் தனிக் களஞ்சியமாகிவிட்டன. 1995-ல் தொடங்கிய ஆர்ஹூலி அறக்கட்டளையும் லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பதிவுகளை எண்மமாக்கியுள்ளன. அதற்கு லாஸ் டிக்ரெஸ் டெல் நோர்த்தே என்ற, நோர்டென்யோ என்னும் வட மெக்சிகோ இசை வாசிக்கும் புகழ்பெற்ற குழுவின் அறக்கட்டளை 5 லட்சம் டாலர் கொடுத்தது. அந்த இசையால் வளர்ந்தவர்கள் அந்த இசைக்குச் செய்த கைம்மாறு அது.

ஆனாலும் பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே இருப்பவர் பெரும்பாலான பாட்டுகளில் ஒரு துண்டை மட்டுமே கேட்க முடியும். காரணம் பதிப்புரிமை. 2018-ல் வந்த இசை நவீனமயமாக்கல் சட்டத்தின்படி, 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு நூறு ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. லிடியா மென்டோசாவின் 1934-ம் ஆண்டுத் தட்டு 2035-ல்தான் பொதுவுடைமையாகும். 1957-க்கும் 1972 பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையே வந்தவை 2067 வரை காத்திருக்க வேண்டும். உரிமையாளர் தாமும் வெளியிடாமல் மற்றவரையும் வெளியிட விடாமல் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்குள் மூலநாடாவே அழிந்துவிட்டால் உரிமை மட்டும் மிஞ்சும். ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் 2008 ஜூனில் பரவிய தீயில் மூலநாடாக்கள் எரிந்த செய்தி, 2019-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகே பரவலாகத் தெரியவந்தது. இழப்பின் அளவு பற்றி இன்னும் சச்சரவு உண்டு. பெரிய நிறுவனத்தின் பெட்டகம் தன்னளவில் காவலாகிவிடாது என்பதில் சச்சரவு இல்லை.

ஆர்ஹூலியின் 56 ஆண்டுகள் மூன்று கடமைகளை ஒன்றாகக் கட்டிக் காட்டுகின்றன. பாடுபவரின் இடத்துக்குப் போய்க் கேட்பது, பதிவானதை எவரும் வாங்கக் கூடியதாக என்றும் வைத்திருப்பது, வரும் பணத்தில் பாடியவரின் பங்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இவற்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் பாதி வேலைதான். ஸ்மித்சோனியன் போன்ற பொது நிறுவனங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் தொடர முடியும். முதலாவதற்கு, விற்பனைக் கணக்கைப் பார்க்காமல் காரில் கிளம்பும் சிறு நிறுவனங்கள் இன்னும் தேவை. பயன்படுத்தாமல் கிடக்கும் பழைய பதிவுகளை அவர்கள் வெளியிடச் சட்டமும் வழிவிட வேண்டும்.